ஒரு பெட்டி, இரண்டு ஒயர்

மாயவரம்
12.6.1978

அன்புள்ள நானா அஹமது கபீருக்குத் தம்பி மீரா உசேன் ஸலாம் கூறி எழுதுவது. உம்மா, தங்கச்சி மெஹராஜ், நான் மூவரும் சுகம். சிங்கப்பூரில் உங்கள் சுகத்துக்கு ஐந்து வேளையும் துவா கேட்கிறோம்.

நீங்கள் கப்பலில் கொடுத்தனுப்பிய ஆம்ப்ளிபயர் ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது. பிரித்தபோது ரெத்தினத்தின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ரெத்தினம்தான், என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். துரைராசு பண்ணையில் கூலி வேலை பார்க்கிற இளையபெருமாளின் மகன். மிஷன் ஹாஸ்டலில் கித்தார் பழகிவிட்டு வந்து இப்போது நம் மெல்லிசைக் குழுவின் உயிரே அவன்தான். இன்னொரு கித்தார் தியாகேசன். துரைராசுவின் மச்சான் மகன். கை சுமார், ஆனால் சொந்தமாக ஆம்ப்ளிபயர் வைத்திருக்கிறான்.

இப்போது சிக்கல் என்னவென்றால் ஆம்ப்ளிபயர் இரண்டு, ஸ்பீக்கர் பெட்டி ஒன்றுதான். இரண்டு வாய்க்காலை ஒரே வயலில் திருப்பினால் சீக்கிரம் நிரம்புமே என்று நினைத்து, இரண்டு ஒயரையும் முறுக்கி ஒரே துளையில் சொருகினேன். கர்ரென்று ஒரு சத்தம், கூடவே கருகல் வாசனை. உடனே அணைத்துவிட்டேன், அல்லாஹ் காப்பாற்றினான். எப்படி இணைப்பது என்று விவரமாக எழுதுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் அன்புத் தம்பி
மீரா உசேன்

*

சிங்கப்பூர்
28.6.1978

தம்பி மீராவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உம்மாவின் முழங்கால் வலி பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. கேட்டு எழுது.

உன்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டு வாய்க்காலின் வாயையும் எதிரும் புதிருமாக வைத்துக் கட்டினால் ஒன்றின் தண்ணீர் மற்றதற்குள் ஏறும், வயலுக்குப் போகாது. ஆம்ப்ளிபயரும் அப்படித்தான். இரண்டின் வாயையும் எந்தக் காலத்திலும் ஒன்றாகக் கட்டாதே. பத்து வருஷமாக இந்த ஊரில் கிளப்காரன்கள் கருக்கிக் கொண்டுவரும் ஆம்ப்ளிபயர்களைத்தான் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் இதே மடத்தனம் செய்தவர்கள்.

உன் பெட்டிக்குள் ஸ்பீக்கர் இரண்டு இருக்கிறது அல்லவா? பின்பலகையைக் கழற்று. இரண்டையும் சேர்த்திருக்கிற ஒயரை வெட்டிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு துளை வை. ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர். பெட்டி ஒன்றாக இருந்தாலும் யார் கரண்டும் யாருக்குள்ளும் போகாது. வெளியே கேட்கிறவனுக்கு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வரும்.

இன்னொன்று. இதை ரெத்தினத்துக்கும் அந்தப் பையனுக்கும் வாசித்துக் காட்டு. நான் அனுப்பியது வால்வு போட்டது. வாசித்துக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினால், கரண்ட் வெளியே போக வழியில்லாமல் ஆம்ப்ளிபயர் உள்ளேயே வெந்துபோகும். முதலில் அணைக்க வேண்டும், அப்புறம்தான் பிடுங்க வேண்டும்.

துவாவுடன்
அஹமது கபீர்

*

மாயவரம்
20.7.1978

அன்புள்ள நானாவுக்கு ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தடவுகிறோம். பாங்கு சொன்னதும் எழுந்து நடக்கிறார்கள், மற்ற நேரத்தில் வலிக்கிறது என்கிறார்கள்.

நீங்கள் சொன்னபடியே பிரித்துப் போட்டேன். அடேயப்பா! ரெத்தினம் ஒரு கம்பியைத் தொட்டு இழுத்ததும் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த இழுப்பு குழுவில் அவன் ஒருவனுக்குத்தான் வரும். வெற்றிலைக் கடை ஞானாம்பாள் அக்கா வந்து, "யாருடா அது, நெஞ்சுக்குள்ள கையை விட்டுப் பிசையிறவன்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவன் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உங்கள் கடிதத்தை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒரே ஒரு சந்தேகம். தியாகேசனின் ஆம்ப்ளிபயர் மேடையிலும், ரெத்தினத்துடையது நாற்பது கெஜம் தள்ளியும் இருந்தால், அவ்வளவு நீள ஒயர் இழுத்துப் பெட்டிக்குக் கொடுக்கலாமா? சத்தம் குறையுமா? சீக்கிரம் பதில் போடுங்கள், ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்
மீரா உசேன்

*

சிங்கப்பூர்
5.8.1978

தம்பிக்கு ஸலாம். நான் நலம், கொஞ்சம் சளி.

கொடுக்கலாம். மெல்லிய ஒயர் போட்டால் பாதிச் சத்தத்தை அதுவே தின்றுவிடும். வீட்டுக்கு இழுக்கிற கனமான செம்பு ஒயராகப் போடு.

ஆனால் நாற்பது கெஜம் எதற்கு? கித்தார்காரன் தன் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் கை ஓடும். அவ்வளவு தூரத்தில் அவனை எங்கே உட்கார வைக்கப் போகிறாய்? எந்த ஊரில், எந்த மேடையில் இப்படி? எழுது.

கபீர்

*

மாயவரம்
2.10.1978

அன்புள்ள நானாவுக்குத் தம்பியின் ஸலாம். தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆவணியில் ஓய்வே இல்லை. உம்மா சுகம். மெஹராஜைப் பெண் பார்க்கத் திருவாரூரிலிருந்து வந்து போனார்கள், தகவல் சொல்கிறோம் என்றார்கள்.

இங்கே குறுவை அறுப்பு. போன வருஷம் போலவே கூலித் தகராறு. கலத்துக்கு அரைப்படி நெல் கூட்டிக் கேட்கிறார்கள், மிராசுகள் மாட்டேன் என்கிறார்கள். துரைராசு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். கலெக்டர் வந்து பேசினார், மந்திரி வந்து பேசினார், கட்சிக்கொடி கட்டிய கார்கள் வந்து வந்து போகின்றன. அறுத்த கட்டு வரப்பிலேயே நனைகிறது.

குழுவுக்கு நல்ல பெயர். துரைராசு வீட்டுக் காதுகுத்தில் அந்த இழுப்புப் பாட்டை இரண்டு தடவை கேட்டார்கள். தியாகேசனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடை சின்னது, அதனால் கொஞ்சம் நெருக்கடி. நீங்கள் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள்.

மீரா உசேன்

*

சிங்கப்பூர்
20.10.1978

மீரா,

ஸலாம். உம்மாவுக்கு என் முத்தம்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கேட்டதற்குப் பதிலைக் காணோம், கலெக்டர் கதை இருக்கிறது. தியாகேசன் கை சுமார் என்று நீதானே எழுதினாய்? அந்த இழுப்பு வாசிக்கத் தெரிந்தவன் ரெத்தினம் ஒருவன்தான் என்று முன்னே ஒரு கடிதத்தில் துள்ளிக் குதித்ததும் நீதானே? அப்புறம் பொன்னாடை எப்படித் தியாகேசன் தோளுக்குப் போனது?

பெட்டி மேடையில். தியாகேசன் மேடையில். நாற்பது கெஜம் ஒயர். அந்த ஒயரின் மறுமுனையில் துரைராசு வீட்டில் என்ன இருக்கிறது? எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்கு நான் சின்னப் பையனாக ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கிறேன். பின்கட்டு தாண்டினால் மாட்டுக்கொட்டில்.

நான் தப்பாக நினைத்திருந்தால் சொல், காலில் விழுகிறேன்.

கபீர்

*

மாயவரம்
18.11.1978

நானாவுக்கு,

ஸலாம். அனைவரும் சுகம்.

நீங்கள் நினைத்தது சரிதான். கொட்டிலில்தான் உட்காருகிறான். சுத்தமாகக் கூட்டி, கோணி விரித்து, மின்விசிறிகூட வைத்துக் கொடுத்தேன். தியாகேசன் முன்னால் நின்று தன் சத்தத்தை அடக்கிவைத்து விரலை ஆட்டுவான், கம்பிகளைச் சேர்த்து இரண்டு கார்டு பிடிப்பான். வருகிற பாட்டு ரெத்தினத்துடையது. பெட்டி ஒன்று என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு மட்டும் இனிக்கிறதா? துரைராசு கூப்பிட்டு நேராகவே சொன்னார்: "எங்க ஆள் மவன் எங்க பந்தல்ல உசரத்துல நின்னு ஆட, நாங்க கீழ ஒக்காந்து பாக்கணுமா? பாட்டு நல்லாருக்கு, அது இருக்கட்டும். ஆள் வேண்டாம்." நான் என்ன செய்வேன்? அவர் ஒரு வார்த்தை சொன்னால் காவிரிக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தலிலும் எனக்கு வேலை கிடையாது. எட்டுப் பேர் குழுவில் இருக்கிறார்கள். நீங்கள் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுகிறீர்கள்.

ரெத்தினத்திடம் சொன்னேன். கித்தாரைத் துணியில் சுற்றிக் கட்டினான். அப்புறம், "வாசிக்க விடுறல்ல, சரி" என்றான். அவன் சம்மதித்துத்தான் எல்லாம். தையில் துரைராசு மகள் கல்யாணம். அது ஒன்று முடியட்டும், பிறகு எங்கேயும் அவனை மேடையில்தான் நிறுத்துவேன். இது சத்தியம்.

மீரா

*

மாயவரம்
11.2.1979

அன்புள்ள நானாவுக்கு ஸலாம். இங்கு யாவரும் நலம், தங்கள் நலம் அறிய ஆவல். டிசம்பரில் நீங்கள் போட்ட இரண்டு கடிதங்களும் கிடைத்தன. கல்யாண வேலையில் பதில் எழுத முடியவில்லை.

ஒரு கெட்ட செய்தி. நீங்கள் அனுப்பிய ஆம்ப்ளிபயர் எரிந்துபோய்விட்டது. இங்கே வோல்டேஜ் ரொம்ப மோசம், ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. உள்ளே இருக்கிற பெரிய டிரான்ஸ்பார்மர் கரிக்கட்டை. தங்கள் உழைப்பு வீணாகிவிட்டதே என்று மனம் வலிக்கிறது.

ரெத்தினம் குழுவை விட்டு நின்றுகொண்டான். கையில் லேசான சுளுக்கு என்றார்கள். வேறு ஏதோ வேலைக்குப் போவான் போலிருக்கிறது. மெஹராஜ் சம்பந்தம் முடிவாகிவிட்டது. ஆனியில் நிக்காஹ். நீங்கள் அவசியம் வரவேண்டும்.

மீரா உசேன்

*

சிங்கப்பூர்
26.2.1979

அன்புள்ள தம்பி ரெத்தினத்துக்கு,

மீராவின் அண்ணன் கபீர் எழுதுகிறேன். நீயும் உன் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் முகவரி என்னிடம் இல்லை. ஞானாம்பாள் கடை மேற்பார்வை என்று போட்டிருக்கிறேன், அந்த அம்மா உன் கையில் சேர்ப்பாள்.

ஆம்ப்ளிபயர் வோல்டேஜால் எரிந்தது என்று மீரா எழுதியிருக்கிறான். வோல்டேஜ் ஏறினால் முதலில் பியூஸ் போகும். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் மட்டும் கரிக்கட்டை ஆவதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். வாசித்துக்கொண்டிருக்கும்போது யாரோ ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

ஆம்ப்ளிபயர் போனால் மயிரே போச்சு. உன் கைக்கு என்ன? அதை மட்டும் எழுது. உன் கையாலேயே எழுது.

கபீர்

*

காலனித் தெரு
25.3.1979

மரியாதைக்குரிய கபீர் அண்ணனுக்கு ரெத்தினம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அப்பா சுகம். உங்கள் கடிதம் கிடைத்துப் பதினைந்து நாளாகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஒயரைப் பிடுங்கியது நான்தான்.

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் முன்னாலேயே எங்கள் தெரு அறுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டது. துரைராசு பண்ணைக்குள் யாரும் கால் வைப்பதில்லை என்று மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். நானும் செய்தேன். மறுநாள் மீரா வந்து அழுதான். "இது ஒண்ணுதாண்டா ரெத்தினம். நீ இல்லன்னா குழுவே இல்லடா" என்றான். கல்யாணத்துக்கு முந்தின நாள் மைக் வண்டியில் தார்ப்பாய்க்குள் படுத்துப் போனேன். வாசிக்கிற ஆசை. அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. ஐந்தாறு பாட்டு போயிருக்கும். பண்ணை கேட்டில் எங்கள் ஆட்கள் திரண்டு வந்து கோஷம் போட ஆரம்பித்தார்கள். அப்பாதான் எடுத்துக் கொடுக்கிறார். அவர் குரல் எனக்குத் தெரியாதா? "கூலிநெல்லைக் கூட்டிக் கொடு" என்று அவர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். துரைராசு ஆள் ஒருவன் மீராவிடம், "சத்தத்தைக் கூட்டுய்யா, அந்தக் கத்தல் பந்தலுக்குள்ள கேக்கக் கூடாது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. மீரா கொட்டிலுக்கு ஓடிவந்து, "முழுசா வைடா, முழுசா வைடா" என்றான்.

வைத்தேன் அண்ணே. பொய் சொல்ல மாட்டேன். முழுசாக வைத்து ஒரு நிமிஷம் வாசித்தேன். அப்பா குரல் அமுங்கிப் போனது. கொஞ்ச நேரத்தில் சுத்தமாகக் கேட்கவில்லை. என்னைப் பெத்தவன் வாயை என் கையாலேயே பொத்துகிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. பிடுங்கிவிட்டேன். பிடுங்கின பிறகும் கம்பியை விடாமல் அடித்தேன். நீங்கள் எழுதியது ஞாபகம் இருந்தது, தெரிந்துதான் அடித்தேன். புகை வருகிறவரை அடித்தேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மற்ற யாரிடமும் கேட்கவில்லை.

தியாகேசன் சத்தமே இல்லாமல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தானாம், பந்தலே பார்த்ததாம். அப்பா குரல் மணமேடை வரைக்கும் போனதாம். மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் துரைராசு இறக்கிய வெளியூர் ஆட்கள் நாலு பேர் கொட்டிலுக்கு வந்துவிட்டார்கள்.

இடது கையை மாடு கட்டுகிற தறிக்கட்டையில் வைத்து மிதித்தார்கள். மோதிர விரலும் நடுவிரலும் மடங்கவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். எழுதுவது வலது கை, அதற்குக் குறைவில்லை.

கையைப் பற்றித்தானே கேட்டீர்கள். கேட்காததையும் சொல்கிறேன். மிதிக்கும் முன்னால் மீராவை இழுத்து வந்து, "யாருய்யா இவன்?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்தான். "ஒயர் தூக்க வந்த ஆளுங்க, பேரு தெரியாது" என்றான். எனக்கு அதுதான் அண்ணே ஆறவில்லை. கச்சேரி தொடங்கும்போது மைக்கைப் பிடித்து ஒவ்வொருவர் பெயராகச் சொல்லுவது அவன்தான். தபேலா இன்னார், ஆர்மோனியம் இன்னார் என்று. எட்டுப் பந்தலில் வாசித்தேன், ஒரு பந்தலிலும் என் பெயரைச் சொல்லவில்லை. கடைசியில் பேரே தெரியாது என்றுவிட்டான்.

எனக்குப் புது ஆம்ப்ளிபயர் அனுப்பாதீர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், அவன் என் பெயரை ஒரு தடவை மைக்கில் சொல்லட்டும். துரைராசு காதில் விழுகிற மாதிரி சொல்லட்டும். அவ்வளவுதான்.

மெஹராஜ் தங்கச்சிக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு
இ. ரெத்தினம்

*

சிங்கப்பூர்
8.4.1979

மீரா,

ரெத்தினம் எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே வாசி. உம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே, தாங்க மாட்டார்கள்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நாற்பது கெஜம் என்று நீ கேட்டபோதே எனக்கு உறுத்தியது. உறுத்தியும், "ஒயரைக் கனமாகப் போடு" என்று வழி சொல்லிக் கொடுத்தவன் நான். டிசம்பரில் இரண்டு கடிதம் போட்டு என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவன் கேட்டதைச் செய். செய்யாமல் நிக்காஹ் பத்திரிகையில் என் பெயரைப் போடாதே.

கபீர்

*

மாயவரம்
6.5.1979

நானாவுக்குத் தம்பியின் ஸலாம். உம்மாவும் மெஹராஜும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதத் தெரியவில்லை.

கூலி ஒப்பந்தம் கையெழுத்தாகி, போன சனிக்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் சங்கத்துக் கூட்டம். மைக் செட் நான் வைக்கிறேன் என்று நானே போய்க் கேட்டேன். வீரையன் என்கிற தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மிராசு வீட்டு ஆளா நீ?" என்றார். "இல்லங்க" என்றேன். அப்படிச் சொல்வதற்கே வாய் கூசியது. பேச்சுக்கு முன்னால் குழுவில் மிச்சமிருக்கிற நாலு பேரோடு இரண்டு பாட்டு வாசிக்கிறோம் என்று கேட்டு வாங்கினேன்.

கடைத்தெருவில் துரைராசு கார் நின்றது, அவரும் உள்ளே இருந்தார். உள்ளதைச் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மைக்கைப் பிடித்தேன். தபேலா, ஆர்மோனியம், பாங்கோஸ் எல்லாம் சொல்லி முடித்தேன். அப்புறம், "கித்தார், காலனித் தெரு இளையபெருமாள் மகன் ரெத்தினம். துரைராசு வீட்டுக் காதுகுத்திலும் கல்யாணத்திலும் நீங்கள் கேட்டது இவர் வாசித்தது. மாட்டுக்கொட்டிலில் உட்கார வைத்தது நான். பேர் தெரியாது என்று சொன்னதும் நான்" என்றேன். ஞானாம்பாள் அக்கா கடையை விட்டு இறங்கி ரோட்டுக்கே வந்துவிட்டாள். துரைராசு கார் கிளம்பிப் போனது. மறுநாளே வைகாசி முகூர்த்தம் ஐந்தும் வேண்டாம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

ரெத்தினம் கூட்டத்தின் ஓரத்தில் அப்பாவோடு நின்றான். மேடைக்கு வா என்று கையைக் காட்டினேன். வரவில்லை. இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு கேட்டான். கேட்டு முடித்துத் திரும்பி நடந்தான். நான் மைக்கை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். பாலத்தடியில் பிடித்தேன். "ரெத்தினம், சொல்லிட்டேண்டா, காதுல விழுந்துச்சாடா?" என்றேன்.

ஆறாம் வகுப்பிலிருந்து என்னை மீரா என்றுதான் கூப்பிடுவான்.

"கேட்டுச்சு, முதலாளி" என்றான்.

மீரா உசேன்